"கேமராவுல விழாத சாமான் இருக்கா அக்கா?"

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இந்தக் கேள்வி கடைக்குள் வர ஆரம்பிக்கும். நேராக வராது. முதலில் கார்பெட் விலை கேட்பார்கள். பிறகு டிண்ட் எவ்வளவு என்பார்கள். கடைசியில் கல்லாப் பக்கம் குனிந்து, சம்சு (கள்ளச்சாராயம்) கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஸ்பீட் கேமராவுல விழாத மாதிரி ஏதாச்சும் சாமான் வச்சிருக்கீங்களா?"

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நான் கார் எக்சசரி கடை வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அப்பா கித்தா (ரப்பர்) மரம் வெட்டியவர். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வயரிங், டேஷ்கேம், ரிவர்ஸ் சென்சார் எல்லாம் நானே மாட்டுவேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்தில் பிறந்து, இப்போது ஈப்போவிலோ பினாங்கிலோ வேலை பார்ப்பவர்கள். தினமும் ஹைவேயில் ஓடுகிறார்கள், சம்மன் (அபராதச் சீட்டு) வாங்குகிறார்கள், என்னிடம் வந்து பரிகாரம் கேட்கிறார்கள்.

கல்லாவுக்குக் கீழே ஒரு டிராயர் இருக்கிறது. ரேடாரை ஏமாற்றும் என்று சொல்லி விற்கப்பட்ட சாமான்களை அதில் போட்டு வைத்திருக்கிறேன். சிலது நானே காசு கொடுத்து ஏமாந்தது, சிலது ஏமாந்தவர்கள் கோபத்தில் விட்டுப்போனது. யாராவது கேட்டால் டிராயரைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுவேன். நேரில் வரமுடியாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் எப்படி அளக்கிறார்கள்

எதை ஏமாற்றப் போகிறோம் என்று தெரியாமல்தான் எல்லாரும் காசைக் கொட்டுகிறார்கள். அளக்கும் வழி ஒன்றல்ல.

ரேடார் என்பது ரேடியோ அலை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே போவதைக் கேட்டிருப்பீர்கள். கிட்டே வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் தொங்கிவிடும். 1842-ல் டாப்ளர் என்கிற ஆஸ்திரிய விஞ்ஞானி எழுதிவைத்த கணக்கு அது. ரேடார் கன் அனுப்பும் அலை உங்கள் பம்பரில் பட்டுத் திரும்பும்போது அதே மாதிரி சுருதி மாறும். 24.15 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கன்னுக்கு, நீங்கள் மணிக்கு 110 கிலோமீட்டரில் வந்தால் சுமார் 4,900 ஹெர்ட்ஸ் வித்தியாசம் கிடைக்கும். அதை அப்படியே கிலோமீட்டராக மாற்றிக் காட்டிவிடும்.

லேசர் வேறு. மேம்பாலத்தடியில் முக்காலி வைத்துப் போலீஸ்காரர் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் துண்டு துண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டும் போய்த் திரும்ப எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அதுதான் உங்கள் வேகம். மொத்த வேலையும் அரை வினாடிக்குள் முடிந்துவிடும். அந்த ஒளிக்கற்றை 300 மீட்டர் தள்ளிக்கூட ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும். பக்கத்து லேனில் போகும் காருக்கே அது படாது.

மூன்றாவது, கம்பத்தில் நிற்கும் கேமரா. 2012 செப்டம்பரில் ஏஇஎஸ் என்று வந்தது, இப்போது அவாஸ். ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவின் கையில் இருக்கிறது. இது ஒளிந்து பிடிப்பதில்லை. முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். இருந்தும் மாட்டுகிறோம், அது வேறு கதை.

நாலாவது, சராசரி வேகம். முதல் கேமராவைக் கடந்த நேரம், அடுத்த கேமராவைக் கடந்த நேரம், நடுவில் உள்ள தூரம், மூன்றையும் வைத்து வகுத்தால் முடிந்தது. அவாஸ் கேமராக்களில் இதையும் கொண்டுவருவதாகப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2025-ல் அறிவித்தார். இதில் ரேடாரும் இல்லை, லேசரும் இல்லை. நம்பர் பிளேட்டும் கடிகாரமும் போதும். கேமராவுக்கு முன்னால் பிரேக் போட்டு, தாண்டியதும் மிதிப்பவர்களின் வித்தை அன்றோடு சரி.

இப்போது டிராயர்

மேலாக இருப்பது ஒரு கறுப்பு டிடெக்டர், போலீஸ் அலை பட்டால் கத்தும் கருவி. 680 வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூரில் ஒரு கடையில் வாங்கியது. எனக்குத் தொழில் புதிது, வாங்கி விற்கலாம் என்ற ஆசை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினேன். பெட்ரோல் ஸ்டேஷன் தானியங்கிக் கதவைக் கண்டால் கத்தியது. பேங்கைத் தாண்டும்போது கத்தியது. சிம்மோர் போவதற்குள் காது புளித்துவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. கதவு திறக்கும் சென்சாரும் அதே 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது. இன்று நிலைமை இன்னும் மோசம். பக்கவாட்டில் வண்டி வருவதைச் சொல்லும் ரேடார் பல புதுக் கார்களில் அதே அலைவரிசையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு புது எஸ்யூவி வந்தாலே டிடெக்டருக்குப் பேய் பிடித்துவிடும்.

திரும்பி வரும்போது மேம்பாலத்தடியில் முக்காலி. டிடெக்டர் ஒரே ஒரு தடவை "பீப்" என்றது. லேசர் என்று சிவப்பு எழுத்தும் காட்டியது. சரியாகத்தான் சொன்னது. ஆனால் அது சொன்னது "போலீஸ் இருக்கிறார்" என்பதல்ல, "உன்னை அளந்தாகிவிட்டது" என்பது. 110-ல் போகும் கார் ஒரு வினாடிக்கு 30 மீட்டர் ஓடும். எனக்குச் சத்தம் காதில் விழுந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அவர் வேலை முடிந்து அடுத்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்தில் சம்மன் தபாலில் வந்தது. 680-ஓடு 300.

டிடெக்டர் வெறும் காது. ஜாமர் என்பது வாய். அது தானே அலையை அனுப்பிப் போலீஸ் கருவியைக் குழப்பப் பார்க்கும். இதை நான் விற்க மாட்டேன், மாட்டித் தரவும் மாட்டேன். இஷ்டத்துக்கு ரேடியோ அலை அனுப்புவது 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் மாட்டும் குற்றம். சம்மனைத் தவிர்க்கப் போய் கோர்ட்டில் நிற்கவேண்டி வரும். இன்னொன்றும் இருக்கிறது. எல்லாக் காருக்கும் எண் காட்டும் கருவி உங்கள் காருக்கு மட்டும் காட்டவில்லை என்றால் போலீஸ்காரர் சும்மா விடுவாரா? அடுத்த டோலில் உங்களைத்தான் ஓரங்கட்டச் சொல்வார்.

அடுத்தது எனக்குப் பிடித்த சாமான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 35 வெள்ளிக்கு விற்றது. சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகினால் காரைச் சுற்றி "கண்ணுக்குத் தெரியாத திரை" உண்டாகுமாம். வாங்கிய தம்பி இரண்டு சம்மனுக்குப் பிறகு என் மேசையில் போட்டுவிட்டுப் போனான். ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரெசிஸ்டர், ஒரு நீல எல்இடி, கையில் கனமாகத் தெரிவதற்காக ஒரு இரும்புத் துண்டு. அலை வாங்கவோ அனுப்பவோ ஆன்டெனா என்று ஒரு கம்பிகூட இல்லை. இரவில் பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன்.

கண்ணாடியில் சிடி தொங்கவிடுவது, ரிம்முக்குள் அலுமினியத் தாள் திணிப்பது, மின்னும் ஸ்டிக்கர் ஒட்டுவது, இவை எல்லாம் ஒரே ஜாதி. உங்கள் கார் ஒரு டன் இரும்பு. ரேடாருக்கு அது மலை மாதிரித் தெரியும். மலைமேல் ஒரு சிடியைத் தொங்கவிட்டால் மலை மறையுமா?

சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சிடி தொங்கவிட்ட ஒரு அண்ணனிடம் இதைச் சொன்னேன். "சாமி பாத்துக்கும்" என்றார். சாமி பார்த்துக்கொள்ளும் என்றால் சிடி எதற்கு என்று கேட்க வாய் வரை வந்தது. வாடிக்கையாளர், விட்டுவிட்டேன்.

ரேடாரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வாட்சன் வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1950-களில் கனடாவில் கார் ஓட்டிப்போய் ரேடார் கன்னில் மாட்டி அபராதம் கட்டினார். அதைப்பற்றிக் கிண்டலாக ஒரு கவிதைகூட எழுதினார். அவரிடமே மாற்றுச் சாமான் இருந்திருக்கவில்லை.

நம்பர் பிளேட் வித்தைகள்

ரேடாரை விட்டுவிட்டுப் பிளேட்டைப் பிடிப்பவர்கள் உண்டு. அளக்கட்டும், ஆனால் யார் என்று தெரியக்கூடாது என்பது அவர்கள் கணக்கு.

டிராயரில் ஒரு ஸ்பிரே டப்பா இருக்கிறது. பிளேட்டில் அடித்தால் கேமராவின் பிளாஷ் பளீரென்று திருப்பி அடித்து எண் வெளுத்துப்போகும் என்று டப்பாவில் படம் போட்டிருக்கிறது. படத்தில் இருப்பது வெள்ளைக்காரன் ஊர்ப் பிளேட். அங்கே பிளேட்டின் முகமே ஒளியைத் திருப்பியடிக்கும் தாள். நம்முடையது கறுப்புப் பலகை, மேலே வெள்ளை எழுத்து. பளபளக்க அங்கே என்ன இருக்கிறது? இருந்தாலும் ஒரு இரவு கடைக்குப் பின்சந்தில் வைத்துச் சோதித்தேன். பிளேட்டின் பாதியில் மூன்று பூச்சு அடித்து, மறுபாதியைச் சும்மா விட்டு, பத்தடி, இருபதடி, நாற்பதடி தள்ளி நின்று போனில் பிளாஷ் போட்டு எடுத்தேன். வீட்டுக்காரர் மழைக்குக் குடை பிடித்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றுபோலத் தெளிவு. ஸ்பிரே அடித்த பக்கம் மட்டும் தூசி அதிகமாக ஒட்டியிருந்தது.

பக்கத்திலிருந்து பார்த்தால் இருட்டாகும் பிளாஸ்டிக் மூடி ஒன்றும் இருக்கிறது. அது சாய்வாக நிற்பவனுக்கு மறைக்கும், நேராக நிற்பவனுக்குக் காட்டும். ஹைவே கேமரா கிட்டத்தட்ட நேராகத்தான் பார்க்கிறது. ஆனால் ரோட்பிளாக்கில் நிற்கும் ஜேபிஜே ஆபீசர் சாய்வாகத்தான் நிற்பார். அதாவது கேமராவுக்குத் தப்பாமல் ஆபீசரிடம் மட்டும் மாட்டிக்கொள்ளப் பணம் கொடுத்து வாங்கும் சாமான் அது.

சுண்டினால் புரளும் பிளேட், எழுத்தை நெருக்கிப் போட்டுப் பெயர்போலத் தெரியவைப்பது, இதெல்லாம் கேட்டு வராதீர்கள். சாதாரணக் காருக்கு எழுத்து 70 மில்லிமீட்டர் உயரம், 40 அகலம், கோட்டின் தடிமன் 10. ஸ்கேல் வைத்து அளந்துதான் ஒட்டித் தருவேன். மின்சாரக் கார்களுக்கு 2024-ல் வந்த ஜேபிஜே இபிளேட்டில் உள்ளேயே ஆர்எஃப்ஐடி சில்லு இருக்கிறது, 98 ரிங்கிட். பிளேட்டே தன் பெயரைச் சொல்லும் காலம் வந்துகொண்டிருக்கிறது, இதில் எதை மறைப்பது?

உலோகம் கலந்த டிண்ட் ஒட்டினால் ரேடார் ஊடுருவாது என்று ஒரு தம்பி வாதாடினான். ரேடார் உங்கள் முகத்தைத் தேடவில்லை, பம்பரில் பட்டுத் திரும்புகிறது. ஆனால் அந்த டிண்ட் வேறு ஒன்றைத் தடுக்கும். ஜிபிஎஸ் சிக்னலைச் சாப்பிட்டுவிடும், டோல் ஆர்எஃப்ஐடியும் சில நேரம் முரண்டு பிடிக்கும். முன்கண்ணாடிக்கு 70 விழுக்காடு, முன்பக்க ஜன்னலுக்கு 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வரவேண்டும் என்பது சட்டம். அதற்குள் உலோகம் இல்லாத செராமிக் வகையை எடுங்கள். இதை நான் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் வியாபாரத்துக்காகவும்தான்.

மீட்டரும் டயரும்

இனிமேல் சொல்லப்போவதுதான் உண்மையில் சம்மனைக் குறைக்கும். இதை நான் கற்றுக்கொண்டது என் மகனுக்கு வந்த சம்மனில்.

அவன் ஓட்டுவது மைவி, பறக்கும் என்று நம்மூரில் பெயர் வாங்கிய சின்னக் கார். (மைவி என்றதும் நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எல்லா மைவியும் பறப்பதில்லை.) ஈப்போவில் வேலை. ஒருநாள் சம்மன் வந்தது, 110 இடத்தில் 118. "நான் மீட்டர்ல 118தான் வச்சேன், மா. மீட்டர் எப்பவும் அஞ்சாறு கூடக் காட்டும்ல. அப்ப நெசத்துல 112தான்" என்று சத்தியம் செய்தான். அவன் சொன்னதில் பாதி உண்மை. ஐநா விதி எண் 39 என்று ஒன்று இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதிகபட்சம் பத்து விழுக்காடும் அதற்குமேல் 4 கிலோமீட்டரும். அதனால் கம்பெனிக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள். அவன் காரில் மீட்டர் 110 காட்டும்போது ஜிபிஎஸ் 105 காட்டும், நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு எப்படி 118? காரைச் சுற்றி வந்தேன். டயர் வேறு. ஏதோ ஒரு நண்பன் பாதி தேய்ந்த நான்கு டயரை மலிவாகக் கொடுத்திருக்கிறான், ஈப்போவில் ஒரு பட்டறையில் மாட்டியிருக்கிறான், அம்மா கடை வைத்திருப்பது மறந்துவிட்டது போலிருக்கிறது.

டயர் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 185/55 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், ரப்பரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு, ரிம் 15 அங்குலம். ரிம் 381 மில்லிமீட்டர். ரப்பர் உயரம் 185-இல் 55 விழுக்காடு, அதாவது 101.75. மேலேயும் கீழேயும் ரப்பர் இருப்பதால் இரண்டு மடங்கு, 203.5. மொத்தம் 584.5. இது காரோடு வந்த டயர். அவன் போட்டிருந்தது 195/60 ஆர்15. அதே கணக்கில் 381-ஓடு 234, மொத்தம் 615. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் பெரிது.

மீட்டருக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். சக்கரம் பெரிதானது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் கார் ஐந்து விழுக்காடு கூட ஓடியிருக்கிறது. மீட்டர் கூட்டிக்காட்டிய அந்த ஐந்தை டயர் விழுங்கிவிட்டது. மீட்டரில் 118, ரோட்டிலும் 118. அவன் கணக்குப் போட்ட 112 எங்கேயும் இல்லை.

உங்கள் காரைச் சோதிக்க ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பிளஸ் ஹைவேயில் கிலோமீட்டர் கல் இருக்கிறது. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் அவர் கையில், உங்கள் கையில் அல்ல. மீட்டரில் 90 வைத்து மாறாமல் ஓட்டுங்கள். ஒரு கல்லைத் தாண்டும்போது அவர் அழுத்தட்டும், அடுத்த கல்லில் நிறுத்தட்டும். 3600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் நிஜ வேகம். 40 வினாடி வந்தால் சரியாக 90. 42 வந்தால் நீங்கள் ஓட்டியது 86-க்குக் கொஞ்சம் கீழே, மீட்டர் கூட்டிக் காட்டுகிறது, நல்லது. 39 வந்தால் 92, உடனே டயர் எண்ணைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டரில் விரல் அரை வினாடி தாமதித்தாலே கணக்கு ஒன்று இரண்டு தப்பும். அதனால் ஐந்து கல்லுக்குச் சேர்த்து எடுத்து ஐந்தால் வகுப்பேன். என் காருக்குப் போன வருஷம் எடுத்தது, ஐந்து கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் 31 வினாடி. மீட்டரில் 90, நிஜத்தில் 85.

வேகக் கேமரா என்றதும் உலகமே சொல்லும் "காட்சோ" என்ற பெயர் மோரிஸ் காட்சோனிடிஸ் என்ற டச்சு ரேலி ஓட்டுநருடையது. 1953-ல் மோன்டே கார்லோ ரேலியை வென்ற மனிதர். வேகத்தை அளக்கும் கருவியை அவர் செய்தது யாரையும் பிடிக்க அல்ல, வளைவுகளில் தான் எவ்வளவு வேகம் போகிறோம் என்று தெரிந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகத்தான். அவருக்கே தன் வேகம் தன் மீட்டரில் தெரியவில்லை பாருங்கள்.

போனை எப்படி வைப்பது

வேஸ் (Waze) என்கிற வழிகாட்டும் ஆப் எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் முக்கால்வாசிப் பேர் அதில் வேக எச்சரிக்கையைத் திறப்பதே இல்லை. செட்டிங்ஸில் ஸ்பீடோமீட்டர் என்று இருக்கும். அதில் வேக வரம்பை எப்போதும் காட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கை எப்போது வரவேண்டும் என்ற இடத்தில் வரம்பைத் தொட்டவுடனேயே என்பதைத் தேர்ந்தெடுத்து, சத்தத்தையும் திறந்துவிடுங்கள். ஐந்து கூடப் போனால் போதும், பத்து கூடப் போனால் போதும் என்று வைப்பவர்கள் தங்களுக்கே லஞ்சம் கொடுப்பவர்கள்.

ஜிபிஎஸ் காட்டும் வேகத்துக்கு டயர் பெரிதா சிறிதா என்ற கவலை இல்லை. வானத்தில் இருக்கும் சாட்டிலைட்டிலிருந்து வரும் அலையின் சுருதி மாற்றத்தை வைத்துத்தான் போன் உங்கள் வேகத்தைச் சொல்கிறது. ரேடார் செய்யும் அதே டாப்ளர் கணக்கு, இந்தத் தடவை உங்கள் பக்கம். தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத இடத்திலும் வேகம் காட்டும், மேப்தான் முரண்டு பிடிக்கும். பிளஸ் ஹைவேயில் மெனோரா சுரங்கத்துக்குள் நுழைந்தால் ஜிபிஎஸ் குருடாகிவிடும், அங்கே மீட்டரை நம்புங்கள். அந்த மலைப்பகுதியில் பலகையையும் பாருங்கள். ஹைவே என்றால் 110 என்று மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

பழைய டிரங்க் ரோட்டில் ஈப்போ போகிறவர்களுக்கு இன்னொன்று. சாதாரண நாளில் 90. சில பெருநாள் காலங்களில் அதை 80 ஆகக் குறைப்பார்கள். பலகையில் 90 என்றே இருக்கும், வேஸும் பல சமயம் 90 என்றே சொல்லும். அப்படிப்பட்ட பெருநாள் சமயத்தில் அம்மா வீட்டுக்கு வந்து திரும்பும்போது 88-ல் போய்ச் சம்மன் வாங்கியவர்கள் என் கடைக்கு வந்து சாமான் கேட்கிறார்கள். நாள்காட்டி கொடுத்தனுப்பலாமா என்று இருக்கிறது.

குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் பயன்படுத்துங்கள், ஜிபிஎஸ்ஸில் 108 வரும்படி வைத்துவிட்டு மறந்துவிடலாம். மழையில் மட்டும் வேண்டாம். டேஷ்கேம் வாங்கினால் ஜிபிஎஸ் உள்ளதாக எடுங்கள். வேகம் வீடியோவிலேயே பதியும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் காட்டலாம். ஆனால் அது உங்களுக்கு எதிராகவும் சாட்சி சொல்லும், ஞாபகம் இருக்கட்டும்.

சம்மன் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் ஒரு ஆப்பை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் பிடிஆர்எம், ஜேபிஜே சம்மனுக்கு மைஜேபிஜே. இரண்டையும் பாருங்கள். பழைய கார் வாங்குபவர்கள் பெயர் மாற்றுவதற்கு முன்பே பாருங்கள்.

வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றேன். அவர் லோரியின் பின்னால் 80 என்று வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. "என்னைப் பிடிக்க ரேடார் எதுக்கு? பின்னாடி வர்றவன் அடிக்கிற ஹாரன் பத்தாதா?" என்றார்.

போன் ஹோல்டர் 25 வெள்ளி. ஓட்டும்போது போனைக் கையில் பிடித்தால் 300 வெள்ளி சம்மன் என்பதால் இது எப்படியும் தேவை. ஏர்பேக் மூடிமேல் ஒட்டாதீர்கள், அது வெடித்தால் போன் உங்கள் முகத்துக்குத்தான் வரும். ஸ்டீரிங்குக்கு இடதுபக்கம், ஏர்கோன் காற்று வரும் இடத்துக்கு ஓரமாக, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இறக்கினால் தெரியும் உயரம் நல்லது. ஒட்டுவதற்கு முன் டேஷ்போர்டில் இருக்கும் பாலிஷை ஸ்பிரிட் வைத்து நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெயிலில் நின்ற காராக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஒட்டிய பிறகு ஒரு ராத்திரி முழுக்கப் போனை மாட்டாமல் விட்டுவிடுங்கள். உடனே மாட்டினால் சிம்மோர் தாண்டுவதற்குள் காலடியில் விழுந்து கிடக்கும்.